கனடாவிலிருந்து வரும் கையடக்கக் கணினி

கேள்வி: மகன் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறான். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் என் தம்பி, மடிக்கணினிக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற விளையாட்டுக் கருவியை மருமகனுக்கு வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். அது படிப்புக்கு உதவுமா? அதற்கு விளையாட்டுகள் தொடர்ந்து வெளிவருமா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, அது கையில் பிடிக்கும் வடிவில் உள்ள முழுக் கணினிதான். வால்வ் நிறுவனம் 2022 பெப்ரவரியில் விற்பனைக்கு விட்ட அக்கருவியில் 16 ஜிபி நினைவகம் உண்டு. விளையாட்டுத் திரையிலிருந்து வெளியேறினால் கேடிஈ என்ற வழமையான மேசைத்தளம் திறக்கும். யூஎஸ்பி-சி இணைப்பான் ஒன்றின் மூலம் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைப் பொருத்திவிட்டால், உயர்தரப் பாடத்திட்டத்திலுள்ள பைத்தன் நிரலாக்கத்தைத் தாராளமாகப் பழகலாம். மைக்ரோசொப்ட் ஒபிஸை நேரடியாக நிறுவ முடியாது என்பதால், அதைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸையோ உலாவியில் இயங்கும் பதிப்பையோ பயன்படுத்த வேண்டியிருக்கும்.

விளையாட்டுகள் வராமல் போய்விடுமோ என்ற அச்சத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நியாயம் இருந்தது. அன்று லினக்ஸுக்கெனத் தனிப் பதிப்பு எழுத வேண்டியிருந்தது. வாங்குவோர் குறைவு என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தவிர்த்தன. 2018இல் வெளிவந்த புரோட்டன் என்ற மென்பொருள்தான் இந்த நிலையை மாற்றியது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு விடுக்கும் கட்டளைகளை அது ஓடும்போதே லினக்ஸுக்கு விளங்கும் வகையில் மாற்றிக் கொடுக்கிறது. ஆகவே, இன்று ஒரு நிறுவனம் செய்ய வேண்டியது, ஏழு அங்குலத் திரையில் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா, சுட்டி இல்லாமல் பொத்தான்களால் மட்டும் விளையாட முடிகிறதா என்பன போன்றவற்றைச் சரிசெய்வதுதான். இவை நிறைவாக அமைந்த விளையாட்டுக்கு வால்வ் பச்சைக் குறி இடுகிறது. 2025இல் லெனோவோ நிறுவனமும் ஸ்டீம் டெக்கில் உள்ள அதே இயங்குதளத்துடன் ஒரு கையடக்கக் கணினியை வெளியிட்டுவிட்டதால், அந்த உழைப்பு இப்போது ஒரே நிறுவனத்தின் கருவிக்கு மட்டும் பயன்படுவதாகவும் இல்லை. இந்த ஆதரவு நிலைக்கும் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் ஒரு பெரிய விலக்கு உண்டு. இணையவழிப் போட்டி விளையாட்டுகள் சில, ஏமாற்றுவோரைப் பிடிக்க விண்டோஸின் உட்கரு எனப்படும் மையப் பகுதிவரை நுழையும் காவல் மென்பொருளை நம்பியுள்ளன. அதை லினக்ஸில் ஓட்ட முடியாது. வேலரன்டும் போர்ட்நைட்டும் இக்கருவியில் இயங்கா. அபெக்ஸ் லெஜன்ட்ஸ் இயங்கிக்கொண்டிருந்தது. 2024இல் அதன் நிறுவனமே லினக்ஸைத் தடுத்துவிட்டது. எனவே, மகன் விளையாட விரும்பும் விளையாட்டுகளின் பெயர்களை முதலில் எழுதி வாங்குங்கள். அப்பட்டியலில் பெரும்பகுதி இந்த வகையாக இருந்தால், தம்பியிடம் மடிக்கணினியே கேளுங்கள்.

வன்னிக்கென்றே சொல்ல வேண்டியது வெயிலைப் பற்றியது. சுற்றுப்புற வெப்பம் 35 பாகையைத் தாண்டாதவரை இக்கருவி நன்றாக இயங்கும் என்பது வால்வ் சொன்ன எல்லை. சித்திரை மாத நண்பகலில் தகரக் கூரையின் கீழ் அந்த எல்லை எளிதில் கடந்துவிடும். காற்று பின்புறத்தால் உள்ளே போய் மேல் விளிம்பால் வெளியேறுவதால், கட்டிலில் மெத்தைமேல் வைத்து விளையாட விடாதீர்கள். வலப்பக்கம் மூன்று புள்ளிகள் உள்ள பொத்தானை அழுத்தினால் மின்வலு வரம்பு தெரியும். 15 வாற்றை 8 ஆகக் குறைத்து, காட்சி வேகத்தை விநாடிக்கு 40 சட்டகங்கள் என்று அமைத்தால் சூடும் விசிறி இரைச்சலும் தணியும், மின்கலமும் கூடுதல் நேரம் நிற்கும். மின்வெட்டு வேளையில் அந்த நேரம் பெரிது.

இலங்கையில் இதற்கு அதிகாரபூர்வ விற்பனை இல்லாததால், உத்தரவாதக் காலத்தில் பழுது வந்தால் பெரும்பாலும் கனடாவுக்கே திருப்பி அனுப்ப நேரும். ஆகவே, விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது தம்பி அதை வாங்கிப் பயன்படுத்திப் பார்க்கட்டும். புதிய விளையாட்டொன்று 60, 80 ஜிபி என்று டேட்டாவை விழுங்கும் என்பதால், தேவையானவற்றை அங்கேயே வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் மகனின் கணக்கில் தரவிறக்கி, ஒவ்வொன்றையும் இணையத்தோடு ஒருமுறை திறந்து மூடிவிட்டு, பிறகு இணையமற்ற நிலையில் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.