மட்டி என்ன தின்னும், மட்டியை எது தின்னும்?

விலங்கியல் படிப்பிக்கிறவன் என்று தெரிந்ததும் மட்டி பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. மலையில் இருந்துகொண்டு மட்டியா என்று சிரிக்க வேண்டாம், நன்னீரிலும் மட்டி உண்டு.

கம்பளையிலிருந்து ஒரு அக்கா: மகாவலிக் கரை மணலில் உயிரோடு ஒரு மட்டி கிடந்தது. வாயே காணோம், எப்படிச் சாப்பிடும்?

வாய் இருக்கிறது அக்கா, ஓட்டுக்குள்ளே. பல்லும் நாக்கும்தான் இல்லை. உடம்பை மணலில் புதைத்துக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். அங்கே இரண்டு துவாரம்: ஒன்றால் தண்ணீர் உள்ளே போகும், மற்றதால் வெளியே வரும். செவுளிலுள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அந்த ஓட்டத்தை உண்டாக்குகின்றன. தண்ணீரோடு வரும் நுண்பாசி, பக்டீரியா, மக்கிய இலைத்தூள் எல்லாம் கோழையில் ஒட்டி வாய்க்குப் போய்ச் சேரும். தேத்தண்ணி வடி மாதிரிதான். ஆனால் இங்கே வடியில் தங்குகிற மண்டிதான் சாப்பாடு. வேண்டாத மண்துகளைக் கோழையில் சுற்றித் துப்பிவிடும். அடைமழையில் ஆறு கலங்கி வரும்போது, பாவம், துப்புவதற்கே நேரம் சரியாகிவிடும்.

பண்டாரவளைத் தம்பி: மீன்தொட்டியில் மட்டி போட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தும் செத்துவிட்டது.

கண்ணாடி மாதிரி இருந்ததால்தான் தம்பி. பட்டினி! மீனுக்குப் போடும் தீனியை அதனால் கடிக்க முடியாது. செத்ததை உடனே எடுத்துவிடுங்கள், அழுகினால் மீனும் சாகும்.

நுவரெலியா மாணவி: குஞ்சு மட்டியும் இப்படித்தான் சாப்பிடுமா சேர்?

இல்லை மகள். நன்னீர் மட்டியின் இளம்புழு மீனின் செவுளிலோ செட்டையிலோ கொளுவிக்கொண்டு சில வாரம் ஒட்டுண்ணியாக இருக்கும், அப்புறம் உதிர்ந்து ஆற்றடியில் விழும். மெல்ல ஊரத்தான் தெரிந்த மட்டி ஆற்றின் மேல்பக்கம் போய்ச் சேர்வது இப்படி மீன் முதுகில் ஓசிச் சவாரி போய்த்தான்.

அட்டன் அண்ணன்: இதற்கு எதிரி யார்? நீர்நாயா?

நீர்நாய்க்கு முதலில் மீனும் நண்டும்தான் அண்ணன். கீழ்நாட்டு வயல், குளக்கரைகளில் நத்தைகுத்தி நாரை உண்டு. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தைதான் அதன் முக்கிய இரை, மட்டியையும் விடாது.

கடலில்தான் பெரிய கூத்து. நட்சத்திர மீன் ஓட்டைப் பிடித்து இழுத்து, மயிரிழை இடைவெளி கிடைத்ததும் தன் வயிற்றையே உள்ளே விட்டுச் செரித்துவிடும். ஒருவகைக் கடல்நத்தை ஓட்டில் துளை போடும். கடற்பாறையில் ஒட்டி வாழும் மட்டியும் சும்மா இராது, ஒட்டிக்கொள்ளத் தான் சுரக்கும் நாரிழைகளால் அந்த நத்தையைக் கட்டிப்போட்டுவிடும். 1960களில் ராபர்ட் பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்பாறையொன்றில் நட்சத்திர மீன்களைத் திரும்பத் திரும்ப அகற்றிப் பார்த்தார். மட்டி பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ள, 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 தான் மிஞ்சின. எதிரி இல்லாத மட்டி அவ்வளவு பொல்லாதது.

தலவாக்கலையிலிருந்து ஒருவர்: பிடித்துக் கறி வைக்கலாமா?

டவுனுக்குக் கீழே ஓடும் ஆற்றில் பிடித்ததென்றால் வேண்டாம். அது வடித்துச் சேர்த்ததெல்லாம் உங்கள் சட்டிக்கு வரும். அவித்தால் கிருமி சாகலாம், ஈயம் போகாது. ஆசையாக இருந்தால் திருகோணமலைப் பக்கம் போகும்போது வாங்குங்கள், அங்கேயும் எங்கே அள்ளியது என்று கேட்டுவிட்டு.