தோலினூடாக எறிகணைத் துண்டைப் பார்க்கலாமா?

கேள்வி: 2009 இல் பட்ட செல் (எறிகணை) துண்டொன்று இன்னும் என் தொடையில் இருக்கிறது. மஞ்சள் உணவுச் சாயத்தைப் பூசினால் தோலினூடாக உள்ளே பார்க்கலாம் என்கிறார்களே, அது உண்மையா? கடையில் விற்கும் கலரிங்கைப் பூசிப் பார்க்கலாமா?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் துண்டை அவ்வாறு பார்க்க முடியாது. ஆயினும் நீங்கள் கேள்விப்பட்ட செய்தி பொய்யன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டார்ட்ராசீன் என்னும் மஞ்சள் சாயத்தின் செறிந்த கரைசலை உயிருள்ள எலிகளின் வயிற்றுத் தோலில் தேய்த்தபோது உள்ளுறுப்புகள் கண்ணுக்குத் தெரிந்ததையும், சாயத்தைக் கழுவியதும் தோல் பழையபடி ஆனதையும் 2024 செப்டெம்பரில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டனர்.

தோலினூடாக நாம் பார்க்க முடியாதிருப்பதற்கு முதற் காரணம் ஒளிச் சிதறலே. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண்ணே முறிவுச் சுட்டி. நீருக்கு அது 1.33, தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரத நார்களுக்கும் கொழுப்புக்கும் அது 1.4 ஐத் தாண்டும். இந்த வேறுபாட்டால் ஒளி ஒவ்வோர் எல்லையிலும் திசைமாறிச் சிதறுகிறது. எண்ணெய் பட்ட கடதாசியில் நார்களுக்கிடையே இருந்த காற்றின் இடத்தை, நார்களின் முறிவுச் சுட்டியை நெருங்கிய எண்ணெய் பிடித்துக்கொள்வதால் மறுபக்கம் தெரிகிறதல்லவா, அதே பௌதிகம்தான் இங்கும். முறிவுச் சுட்டி 1.47 உடைய கிளிசரினை ஆய்வாளர்கள் திசுக்களை ஒளி ஊடுருவச் செய்வதற்காக நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். டார்ட்ராசீனோ நீல ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலின் விளைவாகவே, சிவப்பு ஒளிக்கு தோலிலுள்ள நீரின் முறிவுச் சுட்டி உயர்ந்து கொலாஜனின் சுட்டியை நெருங்க, சிதறல் குறைகிறது. நிறமூட்டும் பொருளே தெளிவையும் தருவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் அந்த ஆய்வு மனிதரில் நடத்தப்படவில்லை. எம் தோல் எலியின் தோலைவிடப் பல மடங்கு தடிப்பானது. அதன் மேற்படை கரைசலை எளிதில் உள்ளே விடாது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். தொடைத் தசைக்குள் புதைந்த துண்டு இவை எல்லாவற்றுக்கும் அப்பால் இருக்கிறது. நாளடைவில் இம்முறை ஊசி ஏற்ற நாளம் தேடுவது போன்ற, தோலுக்குச் சற்றுக் கீழான வேலைகளுக்கு உதவக்கூடும் என்பதே எதிர்பார்ப்பு.

கடைக் கலரிங்கைத் தயவுசெய்து பூச வேண்டாம். ஊசியால் ஏற்றுவதை எண்ணியும் பார்க்க வேண்டாம். உலோகத் துண்டு சாதாரண எக்ஸ்றே படத்திலேயே தெளிவாகத் தெரியும். நோவோ வீக்கமோ இருந்தால் வைத்தியசாலையில் அதைக் காட்டுங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடலில் துண்டு இருப்பதை முன்கூட்டியே கட்டாயம் தெரிவியுங்கள்; இரும்பு கலந்த துண்டு அக்கருவியின் வலிய காந்தப்புலத்தில் அசையக்கூடும்.