சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை

கேள்வி: பழைய வேன் ஒன்றில் சிறிய சமையல் மேடை, சிங்க், 12 வோல்ட் பம்ப் எல்லாம் பொருத்திக் குடும்பத்தோடு சுற்றுகிறோம். தண்ணீர்த் தொட்டி இருக்கைக்கு அடியிலும், பம்ப் அதைவிடச் சற்று உயரத்தில் சிங்குக்குக் கீழும் இருக்கின்றன. தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் நன்றாக வருகிறது. பாதிக்குக் கீழே இறங்கியதும் குழாய் விட்டுவிட்டுத் துப்புகிறது. பிறகு பம்பின் சத்தம் மட்டும்தான். போன வாரம் சாமியார்பேட்டை கடற்கரையில் வாங்கிய மீனைக் கழுவ வழியில்லாமல் நின்றோம். இரவில் யாரும் குழாயைத் திறக்காமலேயே பம்ப் ஒரு நொடி ஓடி நிற்கிறது. புதுப் பம்ப் வாங்கிவிடலாமா? – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பணத்தை மடியிலேயே வைத்திருங்கள். ‘நிறைந்திருந்தால் வருகிறது, பாதியானால் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி விடை. தேய்ந்துபோன பம்ப் பெரும்பாலும் தொட்டி நிறைந்திருக்கும்போதும் சோர்ந்துதான் ஓடும்.

முதலில் காசில்லாத சோதனை. தண்ணீர் நின்றதும் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். உடனே வந்துவிட்டால், தொட்டிக்குள் காற்று போகும் சிறு துளை அடைத்திருக்கிறது. நம் பக்கத்தில் இதற்குக் குளவி போதும். ஒரு வாரம் நிறுத்தி வைத்த வேனில் மண் கூடு கட்டிவிடும். குத்திச் சுத்தம் செய்து கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

மூடியைத் திறந்தும் வரவில்லையா? அப்படியானால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கிறது. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ மயிரிழை இடைவெளி இருக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டம் பம்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குறை தெரிவதில்லை. மட்டம் இறங்கியதும் பம்ப் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. தண்ணீரை இழுப்பதைவிட இடைவெளி வழியே காற்றை இழுப்பது அதற்குச் சுலபம். இந்தப் பக்கத்து ஓட்டை சொட்டுவதே இல்லை. அதனால்தான் ஈரத்தைத் தேடும் மெக்கானிக்குகள் ஏமாந்து, பம்பை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள்.

உறுதிசெய்துகொள்ள ஒரு வாளி போதும். சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைப் பம்பின் வாயிலிருந்து கழற்றுங்கள். வேறொரு நல்ல ஹோஸ் துண்டை அங்கே இறுக்கி, மறுமுனையை வேனின் தரையில் வைத்த வாளித் தண்ணீரில் போட்டு ஓட்டுங்கள். தண்ணீர் சீராக வந்தால் பம்ப் நிரபராதி.

பிறகு குற்றவாளியைப் பிடிக்கலாம். பம்புக்கு முன்னால் இருக்கும் சிறு வடிகட்டியின் மூடிதான் என் முதல் சந்தேகம். சுத்தம் செய்ய ஒருமுறை திறந்தபோது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் மடிந்தோ மண் ஒட்டியோ போயிருக்கும். கழுவி, சமமாக உட்கார வைத்து, கையால் இறுக்கினால் போதும்; வாசலின், வண்டி கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். சிலவகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். அடுத்தது ஹோஸ் கிளிப்புகள். கடற்காற்றில் சாதாரண இரும்புக் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும், எவர்சில்வர் கிளிப் போடுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் மெல்லிய டியூபை உறிஞ்சும் பக்கத்தில் மாட்டியிருந்தால் அதையும் தூக்கி எறியுங்கள். கத்திரி வெயிலில் இளகி, உறிஞ்சும்போது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே நூல் பின்னிய கெட்டி ஹோஸ்தான் தாங்கும். தொட்டியின் மேல்வழியே குழாய் உள்ளே இறங்கும் அமைப்பானால், அந்தக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மட்டம் விரிசலுக்குக் கீழே போன அன்றுதான் வம்பு தொடங்கும்.

வாளியிலிருந்தும் வராவிட்டால் மட்டும் மின்சாரத்துக்குப் போங்கள். பம்ப் ஓடும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் 12.5 இருந்து பம்பில் 11-க்கும் கீழே காட்டினால், பச்சை பூத்த இணைப்போ மெல்லிய வயரோ நடுவில் வோல்டைத் தின்கிறது. வோல்ட் சரியாக இருந்தும் உறிஞ்சவில்லை என்றால்தான் உள்ளே டயாஃபிரமோ (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சவ்வு) வால்வோ போயிருக்கும்.

அப்போதும் ஒரு எச்சரிக்கை. உரக்கடையில் கிடைக்கும் பேட்டரி ஸ்பிரேயர் பம்பும் இதே 12 வோல்ட் இனம்தான் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இனம் ஒன்றுதான், ஆனால் வேன் பம்புகள் பெரும்பாலும் 35, 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் வந்ததும் தானாக நின்றுவிடும், தெளிப்பான் பம்புகளில் பல அதைத் தாண்டிப் போகும், சிங்க் இணைப்புகள் பிதுங்கிவிடும். மருந்து அடித்த பழைய பம்ப் என்றால் பேச்சே வேண்டாம், அதில் வரும் தண்ணீரில்தான் அரிசி களைவீர்கள்.

இரவில் ஒரு நொடி ஓடுவது தனிக் கதை. குழாயும் பம்பும் மூடியிருக்கும்போது நடுவில் அழுத்தம் எங்கோ கசிகிறது. அது குறைந்ததும் பம்ப் விழித்துக்கொள்கிறது. இந்தப் பக்கத்து ஓட்டை கட்டாயம் சொட்டும். படுக்கும்முன் ஒவ்வொரு இணைப்பின் கீழும் செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே வாஷரை மாற்றுங்கள். எல்லாம் காய்ந்தே இருந்தால் பம்புக்குள் இருக்கும், தண்ணீரைத் திரும்பிப் போக விடாத வால்வில் மணல் சிக்கியிருக்கலாம்; கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். அதுவரை தூங்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.