சுயசித்தம் என்பது பாதிப் பதில்தான்

கேள்வி இது: "கடவுள் அன்பும் வல்லமையும் உள்ளவர் என்றால் இவ்வளவு துன்பத்தை ஏன் விட்டுவைத்திருக்கிறார்? மனிதனுக்குச் சுயசித்தம் கொடுத்ததால்தான் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது உங்களுக்குத் திருப்தியா?"

பாதித் திருப்தி. நான் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். பாட்டி காலத்திலிருந்தே கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். எனக்குத் திருப்தியான அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களே அதை ஒழுங்காகச் சொல்வதில்லை.

வாதம் சுலபமானதுதான். சுயசித்தம் என்றால் நல்லதோ கெட்டதோ தானே தீர்மானிக்கும் சுதந்திரம். நேசிக்கத் தெரிந்த ஒருவனைப் படைக்க வேண்டுமென்றால், நேசிக்க மறுக்கவும் அவனுக்கு இடம் விட்டே ஆக வேண்டும். மறுக்கவே முடியாதவன் சொல்லும் ஆமெனுக்கு என்ன மதிப்பு? 1955இல் ஜே. எல். மாக்கி என்ற தத்துவ அறிஞர், எல்லாம் வல்ல நல்ல கடவுளும் தீமையும் ஒன்றாக இருப்பது தர்க்கத்துக்கே முரண் என்று எழுதினார். எழுபதுகளில் ஆல்வின் பிளாண்டிங்கா இந்தச் சுயசித்தத்தை வைத்துத்தான் அதற்குப் பதில் சொன்னார். முரண் இல்லை என்று காட்டினார், அதோடு சரி. உங்கள் வீட்டில் இன்னார் ஏன் செத்தார் என்று விளக்க அவர் வரவில்லை. அந்த வாதத்தைப் பிரசங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லாத் துன்பத்துக்கும் கணக்குத் தீர்த்துவிட்டதுபோல் பேசும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஏனென்றால், யாருடைய சுயசித்தம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டிக் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டு வெடித்தது. தீர்மானித்தது ஒரு கூட்டம், செத்தது ஜெபிக்க வந்த கூட்டம். இது எல்லாருக்கும் புரிகிறது. மீரியபெத்தையைச் சொன்னால்தான் புரியாததுபோல் பார்க்கிறார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. மழை கடவுள் செயல் என்றார்கள். சரி, மழை யார் கையிலும் இல்லை. ஆனால் அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதற்குப் பிறகும் சனம் அங்கேதான் இருந்தது. இருப்பதா போவதா என்று தீர்மானிக்க அவர்களுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது? லயம் தோட்டத்துடையது, நிலமும் தோட்டத்துடையது. 10 அடிக்கு 12 அடி காம்பரா அறையைக் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போன துரைமார் இருந்தார்கள். 1948இல் கையைத் தூக்கி எங்கள் பாட்டன் பூட்டன்களை நாடற்றவர்களாக்கிய பாராளுமன்றம் இருந்தது. எல்லாம் சுயசித்தம்தான். சிலருக்கு அது நிறையக் கிடைத்திருக்கிறது, மற்றவர்களுக்கு அதன் பலன் மட்டும் கிடைத்திருக்கிறது. ஆகவே "கடவுள் ஏன் அனுமதித்தார்" என்று என்னிடம் கேட்டால், அதற்கு முன்னால் அனுமதித்த மனிதர்களின் பட்டியலைக் கேட்பேன். அது கடவுளைத் தப்பவைக்கும் தந்திரம் என்று நினைக்காதீர்கள், அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது.

என் சித்தி கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிச் செத்தவர். மரத்திலிருந்த கூட்டைக் கழுகு அடித்துக் கலைத்துவிட்டது என்றார்கள். மற்றப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுப் பள்ளத்துப் பக்கம் ஓடினார்கள். சித்திக்கு ஓட முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு செடிகளுக்கு நடுவே குந்திவிட்டார். படங்குக்குள்ளேயும் குளவி புகுந்திருந்தது. தோட்டத்து அம்புலன்ஸ் பழுது என்று கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லொறியைப் பற்றி நான் யாரிடமும் கேள்வி கேட்கலாம், அங்கே மனிதத் தீர்மானம் இருக்கிறது. கழுகைப் பற்றி யாரிடம் கேட்பது? கழுகுக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. ஆதாமின் பாவத்தால் படைப்பு முழுவதும் சீர்கெட்டது என்று போதகர்கள் சொல்வார்கள். சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது என்று ரோமர் 8இல் பவுல் எழுதுகிறார். இருக்கலாம். ஆனால் சித்தியின் கழுத்திலிருந்து ஆதாமின் அந்தப் பழைய ஏதேன் தோட்டம் வரைக்கும் நூல் கட்டி இழுக்க எனக்குத் தெரியவில்லை. சுயசித்தம் என்ற பதில் எனக்கு இங்கே நின்றுவிடுகிறது.

சாவு வீட்டுக்கு வந்த ஒரு சபை ஊழியர், "கர்த்தர் இந்தக் குடும்பத்துக்கு எதையோ உணர்த்தப் பார்க்கிறார்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ஆட்களுக்குப் பிளேன்டி ஊற்றத் தொடங்கினார். பக்கத்து லயத்துக் கிழவர் ஒருவர், அவர் மாரியம்மன் கும்பிடுகிறவர், "எல்லாம் செய்த வினை" என்றார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான்.

அதை இயேசுவே மறுத்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். பைபிளில் லூக்கா 13ஐ எடுத்துப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை அவரே எடுக்கிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்கிறார். அடுத்த வரியில் "நீங்கள் மனந்திரும்பாவிட்டால்" என்று உயிரோடு இருப்பவர்களை எச்சரிக்கிறார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் செத்தவர்கள் மேல் பழி போடுவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. கோபுரம் ஏன் விழுந்தது என்றும் அவர் சொல்லவில்லை.

பைபிளில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட நல்லவன் யோபின் கதையும் இதே பக்கம்தான் போகிறது. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் அவனோடு தரையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது கத்திக் கேள்வி கேட்ட யோபின் மேல் இல்லை, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர் மேல்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் நம்புகிறாய் என்று கேட்பீர்கள். விளக்கம் கிடைத்ததால் நான் நம்பவில்லை. சிலுவையில் தொங்கியவரும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் கேட்டார், அவருக்கும் அந்த நேரத்தில் பதில் வரவில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் என்னால் பேச முடிகிறது. இது தர்க்கம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

சொந்த வீட்டில் ஏதாவது நடந்துதான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், மேலே எழுதிய மாக்கி, பிளாண்டிங்கா எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்பதே அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் பைபிளில் 88ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டுங்கள். மற்றச் சங்கீதங்கள் அழுதாலும் பெரும்பாலும் ஒரு துதியில் போய் முடியும். இது முறைப்பாட்டிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் சபையில் அதை யாரும் சத்தமாக வாசித்து நான் கேட்டதில்லை. சாவு வீட்டில் வாசிக்கலாம் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.