கை படாத ஆறா?

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் புகைப்படங்களில் காட்டாறுகள் பனிமூட்டம்போல் வெளுத்துத் தெரிகின்றனவே, மனிதக் கை படாத இயற்கையின் தெய்வீகத்தைக் குறிக்கத்தான் அக்கலைஞர்கள் அப்படி எடுத்தார்களா?

பதில்: அந்த வெண்மையில் தெய்வீகத்தைவிட வேதியியலே அதிகம். அன்றைய ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான ரசாயனத் திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். ஒளி பதியப் பல விநாடிகள் பிடிக்கும். அதற்குள் ஓடிக் கடந்த நீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, அலையும் நுரையும் அடையாளமிழந்து வெளுத்துவிடும். அந்த அழகை அவர்கள் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் ‘கை படாத’ என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. புகைப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ் 1867இல் அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றங்கரையில், செலிலோவுக்கு அருகே கேப் ஹார்ன் என்னுமிடத்தில் எடுத்த படத்தை உற்றுப் பாருங்கள். செங்குத்துப் பாறையின் அடியில், ஆற்றையொட்டித் தண்டவாளம் ஓடுகிறது! நீராவிப் படகுகள் கடக்க முடியாத பகுதியைச் சுற்றிச் சரக்கையும் பயணிகளையும் கொண்டுசெல்ல, ஆரிகன் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி போட்ட பாதை அது. பழங்குடியினர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சால்மன் மீன் பிடித்துவந்த செலிலோ அருவியோ, 1957இல் அணை நீரில் மூழ்கிப்போனது.

திமோத்தி ஓ’சல்லிவன் கொலராடோ ஆற்றின் பிளாக் கேன்யனில் 1871இல் எடுத்த படம் இன்னும் சாமர்த்தியமானது. அசையாத நீர், கரையோரம் ஒரு படகு, அதில் தன்னந்தனியாக ஒரு மனிதர், சுற்றிலும் மலைச்சுவர். ஆளே இல்லாத பூமி என்று நம்பத் தோன்றும். உண்மையில், ராணுவ அதிகாரி ஜார்ஜ் வீலரின் நில அளவைக் குழுவும், எதிர்நீரோட்டத்தில் உடன்வந்த மொஹாவி பழங்குடியினரும் சட்டகத்துக்கு வெளியே இருந்தார்கள். ஆகவே, குறியீடு என்று ஒன்று உண்டென்றால், அது தெய்வீகத்துக்கானது அன்று. ‘இந்நிலம் காலியாகக் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்பதற்கானது. அதே பள்ளத்தாக்கின் குறுக்கேதான் 1930களில் ஹூவர் அணை எழுந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. வீலர் குழுவின் படங்களை ஒட்டிய அட்டைகளில் ‘போர்த் துறை, ராணுவப் பொறியாளர் படை’ என்று பெரிய மனிதத் தோரணையுடன் அச்சிட்டிருக்கிறது. இன்றைய படத்தொகுப்புகள் பெரும்பாலும் அந்த அட்டையை வெட்டிவிட்டு ஆற்றை மட்டும் நமக்குக் காட்டுகின்றன.