புற்றுநோய் மரபியல் இதழின் தாக்கக் காரணி குறைவாக இருந்தால், அதில் வரும் ஆய்வும் தரம் குறைந்ததா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தாக்கக் காரணி வெறும் வகுத்தல் கணக்கு: முந்தைய 2 ஆண்டுகளின் கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 200 கட்டுரைகளுக்கு 600 மேற்கோள்கள் என்றால் 3. சைட்ஸ்கோர் என்ற இன்னொரு மேற்கோள் அளவீடு 4 ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதால் இரண்டையும் ஒப்பிடுவது வீண் வேலை.

இது சராசரி என்பதுதான் சிக்கலே. பலரும் எடுத்தாளும் ஒரே ஒரு மீளாய்வுக் கட்டுரை மொத்த எண்ணையும் தூக்கிவிடும். இந்தத் துறையிலோ குரோமோசோம் இடமாற்றம் (குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வது), மரபணு இணைவு, மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும், பரம்பரையாக வரும் பிஆர்சிஏ1 மரபணுப் பிறழ்வு, அரிய கட்டிகளின் மரபணு மாற்றங்கள் எனப் பொருள்கள் நுணுக்கமானவை, படிப்பவர்களும் குறைவு.

ஒருவகை ரத்தப் புற்றுநோயில் காணப்படும் பிலடெல்பியா குரோமோசோம் அறிவிக்கப்பட்டது 1960-இல். அது 9, 22 ஆகிய குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றம் என்று மரபியலாளர் ஜேனட் ரௌலி காட்டியது 1973-இல். அதன் விளைவாக உருவாகும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2001-இல். இரண்டாண்டுக் கணக்கு எங்கே, இந்த நாற்பது ஆண்டுகள் எங்கே!

கட்டுரை அனுப்புவதானால், உங்கள் தலைப்பில் அந்த இதழ் அண்மையில் என்ன வெளியிட்டது, ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எண் கேட்டு நச்சரிப்பவர்களுக்குத் துறைவாரித் தரவரிசையைக் காட்டினால் போதும்.