இனிப்பு நீரும் மறதியும்

கேள்வி: டாக்டர் ஐயா, என் அப்பாவுக்கு வயது 71. நாற்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து இருபது ஆண்டுகளாகின்றன. அரசாங்க கிளினிக்கில் கிளிக்லசைடு, மெட்ஃபார்மின் மாத்திரைகள் கொடுக்கிறார்கள். ஓராண்டாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். பசியாறியதை மறந்து மறுபடியும் கேட்கிறார். சில நாள் விடியற்காலையில் வியர்த்துப்போய் எழுந்து, பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நேரமாகிவிட்டது என்று குழப்பமாகப் பேசுகிறார். அல்சைமர் என்ற மறதி நோயே மூன்றாம் வகை நீரிழிவுதான் என்று ஒரு காணொளியில் பார்த்த என் அண்ணன், இனி இரவில் அவருக்குச் சோறே போடக்கூடாது என்கிறார். இது சரியா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது மறதி அல்ல, ‘வியர்த்துப்போய்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்தான். சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைடு சாப்பிடும் முதியவர் ஒருவர் விடியற்காலையில் வியர்த்து, இடம் காலம் தெரியாமல் பேசினால், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். அடுத்த முறை அப்படி நேர்ந்தால் உடனே விரலில் குத்திச் சோதியுங்கள். அளவு 4 mmol/L-க்குக் கீழே இருந்தால், அவரால் விழுங்க முடிகிற நிலையில், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதியுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். இந்த நிலையில் இரவுச் சோற்றை நிறுத்துவது ஆபத்தானது. அளவோடு போடுங்கள், ஆனால் போடுங்கள்.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சர்க்கரை கடுமையாக இறங்கும்போது முதலில் தடுமாறுவது அதுதான். வட கலிபோர்னியாவில் 16,000-க்கும் மேற்பட்ட முதிய நீரிழிவு நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை இறங்கி மருத்துவமனை வரை போனவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வருவது கூடுதலாக இருந்தது.

இனி காணொளிக்கு வருகிறேன். ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்ற பெயர், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வைத்தது. அல்சைமரால் இறந்தவர்களின் மூளையில் இன்சுலினின் வேலை வெகுவாகக் குன்றியிருந்ததைக் கண்டு அவர்கள் அப்படி அழைத்தார்கள். எந்த மருத்துவரும் அதை நோயின் பெயராக மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை. ஆனாலும் அதன் பின்னே உண்மை இருக்கிறது. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தையும், வேலை முடித்த இன்சுலினையும் சிதைத்து அகற்றுவதில் ஒரே நொதிக்குப் பங்கு இருக்கிறது. ஒரே ஆளை இரண்டு மர நிரைகளுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் உடலில் அது மிகுந்து கிடக்கும்போது அமிலாய்டு அகற்றப்படாமல் தேங்கக்கூடும் என்பது ஒரு விளக்கம்.

ஆனால் இதுவே முழுக் கதை என்று நான் நம்பவில்லை. நீரிழிவு உள்ளவர்களின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்த பல ஆய்வுகளில், அமிலாய்டு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படவில்லை. நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு ஏற்பட்ட சிறு சிறு சேதங்களே அதிகம் இருந்தன. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் அதே ரத்தக்குழாய்ப் பாதிப்பு மூளையிலும் நடக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 6,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து நடத்தி 1999-இல் வெளியான ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. இரு மடங்கு என்பது கேட்கப் பயமாகத்தான் இருக்கும். நீரிழிவோடு எண்பதைத் தாண்டித் தெளிவாகக் கணக்குச் சொல்லும் பழைய தோட்டக் கிராணிமார்களும் (எழுத்தர்களும்) இருக்கிறார்கள்.

சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்தால் நினைவு காப்பாற்றப்படுமா என்றும் சோதித்தார்கள். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அப்படிக் குறைத்தவர்களின் நினைவாற்றல் மற்றவர்களைவிட மேம்படவில்லை. உங்கள் அப்பாவின் வயதில், மூன்று மாதச் சராசரி அளவு (HbA1c) 8 விழுக்காட்டை ஒட்டி இருந்தாலும் போதும் என்று மருத்துவர்களே இலக்கைத் தளர்த்துவது வழக்கம். கிளிக்லசைடின் அளவைக் குறைக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கூடவே பி12 சத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம்; குறைந்தால் மறதியும் கால் மரத்துப்போவதும் வரும்; ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் பெரும்பாலும் தேறும். தைராய்டும், மனச்சோர்வும் பார்க்கப்பட வேண்டியவை. பசியாறியதை மறப்பவர் மாத்திரை போட்டதையும் மறப்பார், மறந்து இரண்டாம் முறை போடுவார். விடியற்காலைக் குழப்பத்துக்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆகவே மாத்திரை டப்பா இன்றிலிருந்து உங்கள் கையில் இருக்கட்டும்.

கிளினிக்குக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மறதி உள்ளவர் மருத்துவரிடம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்வார். குழப்பம் வந்த நாள், நேரம், அப்போதைய சர்க்கரை அளவு, முந்தின இரவு என்ன சாப்பிட்டார் என்பதை ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதி, அதோடு நீங்களோ உங்கள் அண்ணனோ கூடப் போங்கள்.